பழைய ஃபைல், புதிய கேள்வி

ஃபாக்ஸ்புரோ காலத்துத் தகவல்களைத் திறப்பது சுலபம். அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

இந்திய அலுவலகங்களில் கம்ப்யூட்டர் நுழைந்த 1980களிலும் 90களிலும் சம்பளப் பட்டியலோ, உறுப்பினர் கணக்கோ, பெரும்பாலும் குடியேறியது டிபேஸ் அல்லது ஃபாக்ஸ்புரோவில்தான். ஃபாக்ஸ்புரோ ஓய்வு பெற்றுவிட்டது. 2004ல் வெளியான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9தான் கடைசிப் பதிப்பு. அதற்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்தது. ஆனால் டி.பி.எஃப். ஃபைல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஓர் ஊழியர் எப்போது வேலையில் சேர்ந்தார் என்று ஓய்வூதியப் பிரிவு கேட்டால், பதில் அவற்றில் மட்டுமே இருக்கக்கூடும்.

நல்லவேளையாக, அமைப்பு எளிமையானது. முதல் 32 பைட்டுகளில் ஃபைலின் வகை, கடைசியாகத் திருத்திய தேதி, பதிவுகளின் எண்ணிக்கை. அடுத்து ஒவ்வொரு பத்திக்கும் 32 பைட்: அதிகபட்சம் 10 எழுத்தில் பெயர், வகை, அகலம். பிறகு ஒரே நீளத்தில் வரிசையாகப் பதிவுகள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ்கூட இதைத் திறந்துவிடும், எஸ்.க்யூ.எல். மொழியில் கேள்வியும் கேட்கலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். டிபேஸில் ஒரு பதிவை நீக்கினால் அது போய்விடாது. அதன் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே அழியும். ஃபைலின் தலைப்பில் உள்ள எண்ணிக்கை நீக்கப்பட்டவர்களையும் சேர்த்ததே. இந்தக் குறியைப் பார்க்காத புரோகிராம், என்றோ காலமாகிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவரையும் உயிரோடு எழுப்பி ஓய்வூதியம் கணக்கிட்டுவிடும்.

சமக்குறியும் ஏமாற்றும். ஃபாக்ஸ்புரோவில் பெயர் = 'ராம்' என்று பட்டியல் கேட்டால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, ராம்லாலும் ராம்குமாரும்கூட வருவார்கள். இன்றைய எஸ்.க்யூ.எல். வெறும் ராமை மட்டுமே தரும். ஒரே கேள்வி, இரண்டு விடைகள். பழைய அறிக்கையோடு எண்ணிக்கை ஏன் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்திய மொழிகளில் பதிந்த ஃபைல்களுக்குக் கூடுதல் தலைவலி. புனேயின் சி-டாக் உருவாக்கிய ஜிஸ்ட் கார்டு, டாஸ் மென்பொருள்களிலேயே இந்திய மொழிகளைப் பயன்படுத்த வழி செய்தது. அதன் அடிப்படையான இஸ்கி குறியீட்டில் தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே எண்: 179. எந்த எழுத்து என்பதை டி.பி.எஃப். தலைப்பு சொல்லாது. அது தெரியாமல் யூனிகோடுக்கு மாற்றினால் ஊர்ப்பெயர்கள் வேறு லிபிக்குத் தாவிவிடும்.

எனவே முதலில் மூல ஃபைலைத் தொடாமல் ஒரு நகல் எடுக்க வேண்டும். நீண்ட குறிப்புகள் டி.பி.டி. அல்லது எஃப்.பி.டி. என்ற தனி ஃபைலில் இருக்கும். அதை விட்டுவிட்டால் குறிப்புகள் போச்சு. உள்ள பதிவுகள், நீக்கப்பட்டவை இரண்டையும் தனித்தனியே எண்ணி, பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். கணக்கு எண்களை எழுத்தாகவே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும்.

இத்தனை செய்த பிறகும் ஒன்று பாக்கி. நிலை என்ற பத்தியில் '3' என்று இருந்தால் அதற்கு அர்த்தம் ராஜினாமாவா, மரணமா? ஃபைலில் இருக்காது. பழைய புரோகிராமில் இருக்கலாம். இல்லையென்றால், அன்று அந்த எண்ணைத் தட்டிய ஊழியரைத்தான் கேட்க வேண்டும், அவர் ஓய்வு பெறுவதற்குள்.