கால்வாயின் மேல் ஒரு மாளிகை

கால்வாய்க் கரையில் வீடு கட்டுவார்கள். கால்வாய்க்கு மேலேயே கட்டுவார்களா? இங்கிலாந்தின் பாத் நகரில் கட்டினார்கள், நேயர்களே!

கிளீவ்லாண்ட் ஹவுஸ் என்ற அந்த மாளிகை, 1820-ஐ ஒட்டி, ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பாணியில் எழுந்தது. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்கள், ஒழுங்கு பிசகாத சன்னல் வரிசைகள், அளவான அலங்காரம். அதன் அடியில் ஏறத்தாழ 50 மீட்டர் நீளச் சுரங்கம். கென்னட் அண்டு ஏவன் கால்வாய் அதற்குள்தான் ஓடுகிறது. அந்தக் கால்வாய் நிறுவனத்தின் தலைமை அலுவலகமாக இருந்ததும் இதே மாளிகைதான்.

சுரங்கத்தின் கூரையில் ஒரு சிறு திறப்பு உண்டு. மேலே குமாஸ்தாக்கள், கீழே சரக்குப் படகுக்காரர்கள்; காகிதங்கள் அந்தத் திறப்பின் வழியாகவே கைமாறின என்பார்கள். படகை விட்டு இறங்காமலே வேலை முடிந்துவிடும். எவ்வளவு அருமையான யோசனை!

பக்கத்துச் சிட்னி தோட்டத்தின் உரிமையாளர்கள் கால்வாய்க்கு எளிதில் வழிவிடவில்லை. 2,000 கினி பணம் வாங்கினார்கள். தோட்டத்தின் அழகு கெடாதபடி வேலைப்பாடுள்ள சுரங்க வாயில்களும் பாலங்களும் வேண்டும் என்றார்கள். 1800-இல் அமைந்த இரண்டு வார்ப்பிரும்புப் பாலங்களில் மக்கள் இன்றும் நடந்து போகிறார்கள்.