பச்சிளங்குழந்தையின் அழுகை

சினம் தணிந்த இடம் தணிகை என்பர். முருகப்பெருமான் போர் முடித்துச் சினம் தணிந்து அமர்ந்த மலை ஆதலின் திருத்தணிகை எனப் பெயர் பெற்றதாகத் தல வரலாறு கூறும். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திர மாநிலத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது இவ்வூர். இங்கே ஒரு வீட்டில் தமிழ்த் தாலாட்டும் அடுத்த வீட்டில் தெலுங்கு ஜோலப்பாட்டும் ஒலிக்கும். மொழி இரண்டாயினும், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை ஓயாது அழுதால் இரு வீடுகளிலும் எழும் ஐயம் ஒன்றே: 'தாய்க்குப் பால் போதவில்லையோ?' அந்த ஐயம் பெரும்பாலும் பிழையானது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ எளிதிற் செரிப்பது. எனவே ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்பது இயல்பே. மாலை வேளையில் அரைமணிக்கு ஒருமுறை கேட்கும் குழந்தைகளும் உண்டு. அழுகைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வில், அழுகை வாரந்தோறும் பெருகி, ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர்க் குறைவதைக் காட்டினார். மூன்று நான்கு மாதங்களில் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதை அறியாமையால் விளையும் கேடு யாது? பால் போதவில்லை என்றெண்ணிப் பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீரோ புட்டிப்பாலோ புகட்டுகின்றனர். வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் குறைவாகவே குடிக்கும். இறைக்கின்ற கிணறுதானே ஊறும்? குழந்தை சுவைக்கச் சுவைக்கவே பால் சுரக்கும். சுவைப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். இல்லாத குறையை நாமே உண்டாக்கியவர்கள் ஆகிறோம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை. வசம்பு உரைத்துக் கொடுப்பதும், நாவில் தேன் தடவுவதும் தவிர்க்கத்தக்கவை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி ஓராண்டு நிறையாத குழந்தைக்குப் பேராபத்து விளைக்கும்.

பால் போதுமா என்பதை அழுகையைக் கொண்டு அளத்தல் கூடாது. ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, முதல் வாரத்தில் சிறிது குறைந்த எடை இரண்டு வாரத்திற்குள் மீண்டு, பின்னும் ஏறுகிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் சரியாயின் கவலை வேண்டா.

அழுகையைத் தணிக்கும் வழிகள் எளியவை. கையைச் சப்புவதும், வாயைத் திறந்து தலையைத் திருப்புவதும் பசியின் முதற்குறிகள். அழும்வரை காத்திராமல் அப்போதே பாலூட்டுக. பின்னர்த் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்க. தாயின் மார்போடு மேனி படும்படி அணைத்துக் கொள்ளுதலும், மங்கிய ஒளியும், மெல்லிய ஆட்டமும், பழகிய குரலும் அமைதி தரும். 'தால்' என்பது நாக்கு. நாவசைத்துப் பாடுவதே தாலாட்டு என்பர். உறங்கும் குழந்தையை மல்லாந்தே கிடத்துக.

எவ்வளவு முயன்றும் அழுகை ஓயாத இரவுகள் உண்டு. சினம் மிகுந்து குழந்தையைக் குலுக்குதல் மட்டும் ஒருபோதும் ஆகாது. மூளையில் குருதி கசிந்து உயிருக்கே தீங்கு நேரும். களைத்த தாய் குழந்தையைப் பாதுகாப்பாகக் கிடத்திவிட்டுச் சற்று விலகியிருப்பது குற்றமன்று. தந்தையும் பாட்டியும் முறைவைத்து ஏந்திக்கொள்ளலாம்.

காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிற வாந்தி, வலிப்பு, சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஏனைய அழுகைக்கு மருந்து பொறுமையே. 'உனக்குப் பால் இல்லை' என்று இளந்தாயிடம் சொல்லாதிருப்பதே வீட்டுப் பெரியவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி.