பழைய ஜீப்புக்குப் புது உயிர்

ஜீப்பைப் பார்க்காதவர் யார்? போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் என்று எத்தனையோ பார்த்திருப்போம். இந்த வண்டி முதலில் எதற்காகச் செய்யப்பட்டது தெரியுமா? போருக்காக.

இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு என்ற இரண்டு கம்பெனிகள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. சேறு, மணல், கல், மேடு எதுவானாலும் வண்டி ஏறிப் போக வேண்டும். கெட்டுப் போனால் சிப்பாயே பிரித்துப் பழுது பார்க்க வேண்டும். அதற்கு ஏற்றபடி எளிமையாகச் செய்தார்கள். போர் முடிந்தது. நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது.

அந்த எளிமையால்தான் பழைய ஜீப் சாகாமல் இருக்கிறது. நட்டு போல்ட்டைக் கழற்றினால் முழு வண்டியும் தனித்தனியாக வந்துவிடும். அரியானா மாநிலம் சிர்சா மாவட்டத்தில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர் உண்டு. பஞ்சாப் எல்லையில் இருக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளையும் உதிரிப் பாகங்களையும் ஏலத்தில் எடுத்து, அங்கே ஜீப் கட்டுகிறார்கள். வெளி மாநிலங்களில் இருந்தும் வந்து வாங்குகிறார்கள்.

ஜீப் எப்படிச் சேற்றில் இருந்து ஏறி வருகிறது? சாதாரண வண்டியில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் சுற்றும். அவை சேற்றில் மாட்டினால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நகராது. ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதன் தடியைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்னொரு தடியைப் போட்டால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். ஆனால் பலம் கூடும். கடப்பாரையால் பாறையை நெம்புகிறோம் அல்லவா? நம் கை அதிக தூரம் போகும், பாறை கொஞ்சம்தான் அசையும். ஆனாலும் பெரிய பாறை அசைந்துவிடும். இதுவும் அப்படித்தான். காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டக் கூடாது. பற்சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று இழுபட்டுத் தேயும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய ஜீப்பைப் புதுப்பிக்க நினைப்பவர் பெரும்பாலும் பெயின்ட் பற்றித்தான் முதலில் பேசுவார். அது கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது சேஸ், அதாவது அடிச்சட்டம். வண்டியின் முதுகெலும்பு அதுதான். சேறு தங்கும் மூலைகளில் துரு உள்ளே இருந்து தின்னும். வெளியே நன்றாகத் தெரியும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். துருப்பிடித்த இடம் பொத்தென்று ஒலிக்கும். சில இடங்களில் ஓட்டைக்குப் பட்டி பூசி, மேலே கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். பட்டி பாரம் தாங்காது. துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைப்பது பலருக்கும் பழக்கம். எரிபொருள் செலவு குறையும், இழுக்கும் பலமும் கிடைக்கும். ஆனால் டீசல் எஞ்சின் கனமானது. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தாழ்ந்துவிடும். அவற்றையும் மாற்ற வேண்டும். போர்க்கால ஜீப்பில் கரண்ட் 6 வோல்ட்தான். 12 வோல்ட் பேட்டரி வைத்தால் பல்புகளையும் மாற்றியாக வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும். செலவைக் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறோம்.

பிரேக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர் அதில் இருக்கிறது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில் போகிறது. ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் போதும், நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இப்போது வரும் கார்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். போர்க்கால ஜீப்பின் கை பிரேக்கும் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின் சக்கரத்துக்குப் போகும் நீண்ட இரும்புத் தண்டைத்தான் பிடிக்கிறது. அந்தத் தண்டின் இணைப்பு கழன்றால் கை பிரேக்கும் உதவாது. ஆகவே பழைய குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். இங்கே நூறு இருநூறு மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு வழி பிரேக் வைத்துத் தரும் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெரிய டயர் போடும் ஆசை இளைஞர்களுக்கு அதிகம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். எனக்கு அதில் பிரியம் இல்லை. டயர் பெரிதானால் வண்டி உயரும். வளைவில் வேகமாகத் திரும்பினால் கவிழும் ஆபத்து கூடும். பிரேக் பிடிக்கவும் அதிக தூரம் ஆகும். வேகம் காட்டும் கருவியும் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும்.

வண்டி தயார். ரோட்டில் ஓட்டலாமா? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஒருவர் நகையை விற்று 3 லட்சம் கொடுத்து ஜீப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.சி. ஒரு வண்டியுடையது, சேஸ் இன்னொன்று, எஞ்சின் மூன்றாவது. சோதனையில் மாட்டினால் வண்டி போலீஸ் நிலையத்தில் நிற்கும். விற்றவர் கைவிரித்துவிடுவார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றிச் சொல்கிறது. கம்பெனி செய்த விதத்தில் இருந்தும் ஆர்.சி.யில் உள்ளதில் இருந்தும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்ற வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்னொரு செய்தி. ராணுவ ஜீப் போலவே இருக்கட்டும் என்று ஆலிவ் பச்சை நிறம் அடிக்கிறார்கள். அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. மற்றவர்கள் அடிப்பது விதிக்கு மாறானது.

50 ஆண்டுகளுக்கு மேலான வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. அவற்றின் நம்பர் பலகையில் வி.ஏ. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஆனால் சேஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சிக்குக் கொண்டு போகலாம். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ முடியாது. பிழைப்புக்காக ஜீப் வாங்குபவருக்கு இது பயன்படாது.

வாங்கும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சேஸில் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடையுங்கள். அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எண் தாளில் பதியும். அதை ஆர்.சி.யோடு சேர்த்து ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாகப் படியுங்கள். 3-ஐ 8 ஆகவும், 1-ஐ 7 ஆகவும் மாற்றி வெட்டியிருப்பார்கள். எண்ணைச் சுற்றி உரசிய தடமோ, புது வெல்டிங்கோ தெரிந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.