பசிபிக் காற்றும் பிசானப் பயிரும்

ஸ்ரீவராகத்தில் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் பலவற்றிற்கு நெல்லைச் சீமையில் இன்றும் சிறிது நிலபுலம் உண்டு. ஆதலால் நம் மழைக்கவலை இரட்டை. இங்கே இடவப்பாதி பொய்த்தால் குடிநீருக்கும் மின்சாரத்திற்கும் முடை; அங்கே ஐப்பசி, கார்த்திகை பொய்த்தால் பிசானம் இல்லை. தொலைவிலுள்ள ஒரே காற்று இவற்றுள் ஒன்றைக் குறைக்கும் ஆண்டில் மற்றொன்றைப் பெரும்பாலும் பெருக்குகிறது என்பதை அன்பர் பலர் அறியார்.

அக்காற்று வீசுவது பசிபிக் மாகடலில். சாதாரண ஆண்டுகளில் அது நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெயிலிற் சூடேறிய மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அந்நீரின்மேல் காற்று வெம்மையுற்று எழும்பி மேகமாகி மழை பொழிகிறது. ஈரம் இழந்த காற்று உயரத்தில் கிழக்கே திரும்பி, பெரு நாட்டுக் கரைப்பக்கம் இறங்குகிறது. அங்கோ மேல்நீர் விலகிய இடத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. சில ஆண்டுகளில் இக்காற்றுத் தளர, வெந்நீர் கிழக்கே பரவுகிறது. மேகம் எழுமிடமும் உடன் நகர்கிறது. அப்போது நம் பக்கத்து வானில் காற்று இறங்கத் தலைப்பட, தென்மேற்குப் பருவமழை மெலிகிறது. இதுவே எல் நினோ. கிறிஸ்துமஸை ஒட்டித் தோன்றுவதால் பெரு நாட்டு மீனவர் குழந்தை ஏசுவின் பெயரை இதற்கு இட்டனர்.

1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞர், உலகெங்குமிருந்து காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்துமாகடற் பக்கம் இறங்குகிறது, தராசுத் தட்டுகள் போல, என்று கண்டார். அக்கணக்குகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் இந்தியக் குமாஸ்தாக்களே. இதை எழுதுவதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி! கடலின் வெப்பத்தையும் இக்காற்றையும் இணைத்து, 1969இல் 'வாக்கர் சுழற்சி' என்று பெயரிட்டவர் பியர்க்னெஸ்.

2023ஆம் ஆண்டைப் பாருங்கள். எல் நினோ ஆண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்தில் மழை நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பயணிகள் சிக்கினர். முன்னே தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு அப்படங்களைக் கண்டபோது நெஞ்சு நடுங்கியது.

ஒரு நாள் மழையின் பழி முழுவதையும் பசிபிக்கின்மேல் சுமத்துதல் முறையன்று. அன்று குமரிக்கடற் பக்கம் நின்ற காற்றுச்சுழியே அதனைப் பொழிந்தது. எனினும் எல் நினோ ஆண்டின் ஐப்பசியில் இந்துமாகடலின் மேற்குப் பாகம் பெரும்பாலும் சூடேறி நிற்க, அதை நோக்கிக் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று தமிழ்நாட்டின்மேல் வலுக்கிறது. இந்துமாகடலின் இந்த ஏறுமாறான வெப்பத்தைச் சாஜி, கோஸ்வாமி, விநயசந்திரன், யமகதா ஆகியோர் 1999இல் விளக்கினர். 1997இல் எல் நினோ கடுமையாக இருந்தும் நாட்டின் தென்மேற்கு மழை குறையாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

தென்மேற்குப் பருவத்திற்கு வானிலைத் துறை ஏப்ரலிலேயே முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் எல் நினோ என்ற சொல்லைக் கண்டவுடன், "இவ்வாண்டு வயலைத் தரிசாகப் போடு" என்று ஊருக்குச் சொல்லிவிடுவோர் நம்மிடையே உண்டு. கார் சாகுபடிக்கு அந்த அச்சம் ஓரளவு பொருந்தும். பிசானத்திற்கு நாற்றுப் பாவுவோர், செப்டம்பர் இறுதியை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவ அறிவிப்பைப் பார்த்த பின்பே ஊருக்குச் சொல்லியனுப்புதல் நன்று.