வேலி தாண்டி வரும் பச்சைப் புல்

இங்கிலாந்துக் கிராமங்களில் குதிரை மேயும் வயலுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே பல இடங்களில் ஒரே ஒரு வேலிதான். தோட்டத்துப் புல்லை வெட்டியவருக்கு, கூடை நிறையப் பச்சையைக் குப்பையில் போட மனம் வருவதில்லை. வேலிக்கு அப்பால் நிற்கும் குதிரைக்குக் கொட்டிவிடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவே குதிரையின் உயிருக்கு உலை வைக்கலாம்.

குதிரை புல்லைக் கடித்திழுத்து நிதானமாக அரைத்துத் தின்னும் பிராணி. மெல்லும்போதுதான் அதற்கு உமிழ்நீர் சுரக்கும். இயந்திரம் பொடிப்பொடியாக நறுக்கிய புல்லில் மெல்வதற்கு அதிகம் இல்லாததால் வாய்வாயாக விழுங்குகிறது, உணவுக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, ஈரப் புல் குவிந்து கிடந்தால் புளிக்கும். குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். அந்தப் புளிப்பு வயிற்றுக்குள்ளும் தொடர்ந்து வாயு சேர்கிறது. மாடாக இருந்தால் ஏப்பம் விட்டே வெளியேற்றிவிடும். குதிரைக்கு அந்த வழி இல்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் தசை அவ்வளவு இறுக்கம், வாந்தியும் எடுக்காது. இரைப்பை உப்பிக் கிழிந்துபோவதும் உண்டு. அதிலிருந்து தப்பினாலும், பெருங்குடலில் அமிலம் பெருகி, குளம்பின் உட்சதை வீங்கி நடக்க முடியாமல் போகலாம்.

புல்லாவது பரவாயில்லை. வேலியோரம் கத்தரித்த யூ மரக் கிளைகளைப் போட்டால் கதை முடிந்தது. நம்மூர் அரளியைப் போல இதுவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அரை கிலோவுக்கும் குறைவான இலை ஒரு குதிரையைக் கொல்லும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. இங்கிலாந்தில் பழைய தேவாலய வளாகங்களில் சர்வசாதாரணமாக நிற்கிற மரம் இது.

எல்லை வேலிக்குச் சில மீட்டர் உள்ளே இன்னொரு வேலி போடுவது நல்ல தீர்வு. கழுத்தை நீட்டினாலும் எட்டாது, கொட்டினாலும் வாய்க்குப் போகாது. ‘எதுவும் போடாதீர்கள்’ என்ற பலகையைவிட, பக்கத்து வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்வது பலன் தரும் என்பது என் கட்சி.

சிக்காமோர் மரத்திடம் அந்தப் பேச்சு எடுபடாது. இலையுதிர் காலத்தில் அதன் இறகு முளைத்த விதைகள் சுழன்றபடி இரண்டு வேலிகளையும் தாண்டும். அவற்றிலுள்ள ஹைப்போகிளைசின் ஏ என்ற நஞ்சு, உடல் கொழுப்பிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலையைத் தடுக்கிறது. விதையைத் தின்ற குதிரையின் தசைகள் சிதைந்து சிறுநீர் காபி நிறத்தில் போகும். நோய் கண்டவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. பீகாரின் முசாபர்பூரில் வெறும் வயிற்றில் லிச்சி தின்ற குழந்தைகளின் மரணங்களோடு தொடர்புபடுத்தப்பட்டதும் இதே நஞ்சுதான்.

விதை விழும் பகுதியை அந்தப் பருவத்தில் அடைத்துவிட்டு, லாயத்தில் உலர்புல் போடுகிறார்கள். வசந்தத்தில் முளைக்கும் கன்றுகளிலும் நஞ்சு உண்டு. அவற்றை வெட்டிவிட்டால் போதாது. பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.