ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்

"உங்க ஃபேஸ்புக் பதிவு விஷயமா ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க சார்." குடிநீர்த் திட்டப் பணம் எங்கே போனது என்று எழுதியவருக்கும், அதிகாரியைக் கேலிச்சித்திரம் போட்டவருக்கும் அழைப்பு இப்படித்தான் வரும். குரலில் மிரட்டல் இருக்காது. வழக்கு உண்டா, என்ன பிரிவு, போகிறவர் சாட்சியா எதிரியா என்ற விவரமும் இருக்காது.

அரசை விமர்சிப்பது குற்றமல்ல. சமூக வலைதளப் பதிவுகளுக்காகக் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. செத்த அந்தப் பிரிவில் போலீஸ் அதன் பிறகும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், அதில் யார்மீதும் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022இல் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த அரசியல் சட்டத்தின் 370ஆவது பிரிவு நீக்கப்பட்ட நாளைக் கறுப்பு தினம் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த கோலாப்பூர் பேராசிரியர்மீதான வழக்கு 2024இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. பேச்சுரிமை பற்றிப் போலீசாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் எழுதினார்கள்.

ஆனால் கடைசியில் ஜெயிப்பது வேறு, முதல் நாளைத் தாண்டுவது வேறு. நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது பற்றி கார்ட்டூன் போட்ட பாலாவை 2017இல் சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. அலைக்கழிப்பு அலைக்கழிப்புதானே.

அதனால் போனில் யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்க வேண்டியது எழுத்துப்பூர்வமான நோட்டீஸ். இத்தகைய பதிவுகளுக்கு வழக்கமாகப் போடப்படும் பிரிவுகளில் பெரும்பாலானவை ஏழாண்டுக்குள் தண்டனை உள்ளவை. அவற்றில் கைது அவசியமில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 35(3) பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரணைக்கு அழைக்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறைப்படி நோட்டீஸ் வந்துவிட்டால் போயே ஆக வேண்டும். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். சொன்னபடி ஆஜராகிறவரை, காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. சாட்சியாக அழைக்கப்படும் பெண்களையும் அறுபது வயதைத் தாண்டியவர்களையும் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

கைதே செய்தாலும், காரணத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் (2025 நவம்பர் தீர்ப்பு). உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். செல்போனை எடுத்தால், எடுத்ததற்கான மகஜர் நகலைக் கேளுங்கள். பாஸ்வேர்டைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. வக்கீலைக் கேட்காமல் சொல்லாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே கூடாது.

நம் பக்கத்துத் தவறுகளும் உண்டு. "சாலை டெண்டரில் கணக்கு இடிக்கிறது" என்பது விமர்சனம். "இன்ன இன்ஜினியர் இவ்வளவு வாங்கினார்" என்று ஆதாரமில்லாமல் எழுதுவது அவதூறு. இரண்டாண்டு வரை சிறை. தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதிலோ அரசாணை எண்ணோ கையில் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். தீர்ப்பை அலசலாம், நீதிபதி காசு வாங்கினார் என்றால் அது நீதிமன்ற அவமதிப்பு. சாதி, மதத்தின் பெயரால் ஒரு கூட்டத்தையே வசைபாடும் ஃபார்வேர்டுகளை விமர்சனக் கணக்கில் சேர்க்கவே முடியாது. அவற்றைத் தட்டிவிட்டுக் கருத்துரிமை பேசுகிறவர்கள்மேல் எனக்கு அனுதாபமில்லை. தேசத்தின் இறையாண்மைக்கு எதிரானது என்று தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 152ஆம் பிரிவு போட்டிருந்தால் நிலைமை வேறு. ஆயுள் தண்டனை வரை உண்டு, வக்கீல் இல்லாமல் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது. எஃப்ஐஆரை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்; தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை இருக்கிறது. ஸ்டேஷனில் அடித்தாலோ சட்டவிரோதமாக உட்காரவைத்தாலோ மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் எழுதலாம், கட்டணமில்லை. எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எப்போது வெளியே விட்டார்கள், விசாரித்தவர் சட்டையில் இருந்த பெயர் என்ன என்பதையெல்லாம் அன்று இரவே எழுதிவைத்தால்தான் அந்தப் புகார் நிற்கும்.