பார்க்கின்சன் மறதி: ஸ்கேன் காட்டும் இரு பாதைகள்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதத்தைப் பற்றி (இன்றைய பார்க்கின்சன் நோய்) எழுதியபோது, புலன்களும் அறிவும் இந்நோயால் கெடுவதில்லை என்றே குறித்தார். அவர் விவரித்த நோயாளிகள் ஆறே பேர். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அதுவரை உயிரோடிருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா (மறதிநோய்) வந்திருந்தது.

ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளின் மறதி எல்லாம் ஒரே வகையல்ல. ஒரு வகையில் நினைவு உள்ளேயே இருக்கும், எடுக்கத்தான் நேரமாகும். குறிப்புக் கொடுத்தால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். திட்டமிடுவதும், ஒரே நேரத்தில் இரு வேலை பார்ப்பதும் சிரமம். இத்தகையவர்களை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்து நினைவுச் சோதனைகள் கொடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியும், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளை நம்பியிருக்கும் ஆழ்பகுதியும் மந்தமாக இருந்தன. 2003இல் வெளியான முடிவு இது.

இன்னொரு வகைதான் கவலைக்குரியது. விலங்குகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தடுமாறுபவர்கள், பின்னிய இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய முடியாதவர்கள் ஆகியோருக்கே பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு அதிகம் என்று கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு நீண்டகால ஆய்வு காட்டியது. இங்கே டோபமின் மட்டும் காரணமல்ல. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலினை மூளைப் புறணிக்கு அனுப்பும் மேய்னர்ட் உட்கரு சுருங்கியிருப்பவர்களுக்கு அறிவாற்றல் சரியும் அபாயம் கூடுதல் என்று எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் சொல்கின்றன. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழு 2020இல் மூளையில் படியும் இரும்பை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில் இரும்பு கூடியதற்கும் அறிவாற்றல் குறைவுக்கும் தொடர்பு தெரிந்தது. சாப்பாட்டில் இரும்புச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல.

இந்த ஸ்கேன்கள் இன்னும் ஆய்வுக்கூடக் கருவிகளே. ஒரு தனிமனிதருக்கு நாளை என்ன ஆகும் என்று இவற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், இந்த ஆய்வுகள் தரும் புரிதல் இன்றைக்கே பயன்படும். டோபமினைக் கூட்டும் லெவோடோபா எல்லா மறதியையும் போக்காது. அசிட்டைல்கோலினைக் காக்கும் ரிவாஸ்டிக்மின் ஓரளவு உதவுகிறது. நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடிலோ அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பதால், முதியவர்களுக்கு மறதியைக் கூட்டலாம். வீட்டில் பார்க்கின்சன் நோயாளிக்கு மறதி தொடங்கினால், மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். முழு மருந்துச் சீட்டோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.